பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் தங்கள் உறவை ஒரே மாதிரி பார்க்கிறார்களா? அளந்து பார்க்க ஒரு வழிகாட்டி

சமூகப்பணி, உளவியல், சமூகவியல் முதுகலை மாணவர்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும்போது அடிக்கடி கையில் எடுப்பது, வயதான பெற்றோருக்கும் வேலை, கல்யாணம் என்று போய்விட்ட பிள்ளைகளுக்கும் உள்ள நெருக்கம். பெரும்பாலும் அம்மாவிடமோ அப்பாவிடமோ மட்டும் கேட்டுவிட்டு ‘உறவு நன்றாகவே இருக்கிறது’ என்று எழுதிவிடுகிறார்கள். கொஞ்சம் மெனக்கெடுபவர்கள் இரண்டு தரப்பிடமும் கேட்கிறார்கள். ஆனால் பெற்றோர் சராசரி, பிள்ளைகள் சராசரி இரண்டையும் பக்கத்தில் வைத்து, ‘குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை, எனவே இருவரும் ஒரே மாதிரி பார்க்கிறார்கள்’ என்று முடித்துவிடுகிறார்கள். முதலாவது பாதி வேலை. இரண்டாவது தப்பான முடிவு. பத்து வீட்டில் அம்மா உயர்த்திச் சொல்லி, பத்து வீட்டில் பிள்ளை அதே அளவு உயர்த்திச் சொன்னாலும் இரண்டு சராசரியும் சமமாகத்தான் வரும். ஒரு வீட்டில்கூட ஒத்த பார்வை இருந்திருக்காது.

இரு தரப்பையும் கேட்கவேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 1971-ல் சமூகவியலாளர் வெர்ன் பெங்ட்சன் தொடங்கிய ஆய்வு, ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையையும் தனித்தனியாகக் கேட்டது. அதே ஆட்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. அதே ஆண்டு அவரும் ஜோசப் கைப்பர்ஸும் முன்வைத்த கருத்து இன்றும் இந்தத் துறையின் அஸ்திவாரம்: பெற்றோர் உறவின் நெருக்கத்தைப் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் உயர்த்தியே சொல்வார்கள். வளர்த்து ஆளாக்கிய உழைப்பு வீண்போகவில்லை என்று பார்க்கும் தேவை அவர்களுக்கு இருக்கிறது. பிள்ளைகளுக்கோ தனி ஆளாக நிற்கும் தேவை. பிற்பாடு வந்த ஆய்வுகள் பலவற்றிலும் இந்தச் சாய்வு திரும்பத் திரும்பத் தென்பட்டிருக்கிறது. ஆகவே ‘பெற்றோர் மதிப்பெண் அதிகம்’ என்று மட்டும் நீங்கள் கண்டுபிடித்தால், ஐம்பது வருடத்துக்கு முன் சொன்னதையே சொல்கிறீர்கள். அதற்குமேல் என்ன கேட்கலாம் என்பதுதான் விஷயம்.

முதலில்: எந்த ஒற்றுமை வேண்டும்?

கேள்வித்தாள் தயாரிக்கும் முன்பே இதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நான்கு வகை இருக்கிறது, நான்குக்கும் கணக்கு வேறு.

ஒன்று, அளவு. அம்மா 5 என்றால் மகனும் 5 என்கிறாரா? இரண்டு, வரிசை. மற்ற அம்மாக்களைவிட அதிகம் சொன்ன அம்மாவின் மகன், மற்ற மகன்களைவிட அதிகம் சொல்கிறாரா? பத்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரம் மாதிரி: நேரம் தப்பு, ஆனால் போகிற போக்கு சரி. மூன்று, வடிவம். ஒரே வீட்டுக்குள், ‘பாசம் உண்டு, மனம்விட்டுப் பேசுவதில்லை’ என்று அம்மா பார்க்கும் அதே மேடு பள்ளத்தை மகனும் பார்க்கிறாரா? நான்கு, யூகம். ‘உங்கள் மகன் இதற்கு என்ன பதில் சொல்வார்?’ என்று அம்மாவிடம் கேட்டு, மகன் உண்மையில் சொன்னதோடு ஒப்பிடுவது.

நான்காவது வகையில் சுவாரஸ்யம் அதிகம். இருவரும் ஒத்துப்போகாமலேயே, ஒத்துப்போகவில்லை என்பதை இருவரும் தெளிவாக அறிந்திருக்கலாம். ‘அவன் அப்படித்தான் சொல்லுவான்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லும் அப்பாக்கள் இந்த ரகம். ஆனால் இதைச் சேர்த்தால் கேள்விகள் இரட்டிப்பாகும். முதல் ஆய்வு என்றால் எல்லாக் கேள்விக்கும் வேண்டாம், ஒன்றிரண்டுக்கு மட்டும் யூகம் கேளுங்கள்.

ஜோடியை யார் தேர்ந்தெடுப்பது?

மூன்று பிள்ளை பெற்ற அம்மாவிடம் ‘உங்கள் பிள்ளை ஒருவரின் போன் நம்பர் கொடுங்கள்’ என்றால், மிக நெருக்கமான பிள்ளையின் நம்பர்தான் வரும். சண்டை போட்டுப் பேசாமல் இருப்பவரின் நம்பர் வராது. அங்கேயே உங்கள் முடிவு பாதி தீர்மானமாகிவிட்டது. எனவே தேர்வை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். 25 வயதைத் தாண்டிய பிள்ளைகளில் யாருக்குப் பிறந்தநாள் அடுத்து வருகிறதோ அவர் என்பது போல ஒரு விதி போதும்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஜில் சூட்டரும் கார்ல் பில்லெமரும் பாஸ்டன் பகுதியில் நடத்திய ஆய்வு நல்ல சான்று. வயதான அம்மாக்கள் 500-க்கும் மேற்பட்டோரிடம் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் தனித்தனியாகக் கேட்டார்கள், பிள்ளைகளையும் கேட்டார்கள். அம்மாவுக்குச் செல்லப்பிள்ளை என்று ஒருவர் உண்டா இல்லையா என்பதைப் பிள்ளைகள் ஓரளவு சரியாகவே சொன்னார்கள். அது யார் என்பதில்தான் நிறையப் பேர் கோட்டைவிட்டார்கள். ‘பிள்ளைகள்’ என்று மொத்தமாகக் கேட்டிருந்தால் இது வெளியே வந்திருக்காது.

அம்மா–மகள், அம்மா–மகன், அப்பா–மகள், அப்பா–மகன் என்று நான்கையும் கலந்து நாற்பது ஜோடி சேர்க்காதீர்கள். ஒவ்வொன்றிலும் பத்துதான் மிஞ்சும், எதுவும் சொல்ல முடியாது. ஒரே வகையாக எடுங்கள். 0.3 அளவிலான ஒரு ஒட்டுறவை (இரு மதிப்பெண்களும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு; 0 என்றால் நேர்கோட்டுத் தொடர்பு இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) கண்டுபிடிக்க 80 சதவீத வாய்ப்பாவது வேண்டுமென்றால் சுமார் 85 ஜோடி தேவை. ஜோடி என்றால் 170 பேட்டி என்பதை வழிகாட்டிப் பேராசிரியரிடம் ஒத்துக்கொள்ளும் முன் நினைவில் வையுங்கள்.

கேள்விகள்: எதற்கு எது எதிர்?

பெங்ட்சன் ஆய்வில் பாச நெருக்கத்துக்குக் கேட்ட கேள்விகள் எளிமையானவை. அந்தப் போக்கில் தமிழில் இப்படிக் கேட்கலாம், 1 முதல் 6 வரை மதிப்பெண்:

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், உங்களுக்கும் உங்கள் மகளுக்கும் இப்போது எவ்வளவு நெருக்கம்?
மனதில் இருப்பதை அவரிடம் எந்த அளவுக்குப் பேச முடிகிறது?
இருவருக்கும் எவ்வளவு ஒத்துப்போகிறது?
உங்களை அவர் எவ்வளவு புரிந்துகொள்கிறார்?
அவரை நீங்கள் எவ்வளவு புரிந்துகொள்கிறீர்கள்?

மகளுக்குக் கொடுக்கும் தாளில் ‘மகள்’ இருந்த இடத்தில் ‘அம்மா’. அவ்வளவுதானே? முதல் மூன்றுக்கு அவ்வளவுதான். கடைசி இரண்டில்தான் பலர் வழுக்குகிறார்கள். அம்மாவின் நான்காம் கேள்வி, மகள் அம்மாவைப் புரிந்துகொள்வது பற்றியது. மகளின் நான்காம் கேள்வி, அம்மா மகளைப் புரிந்துகொள்வது பற்றியது. இரண்டும் ஒரே எண்ணில் இருக்கின்றன, ஆனால் வேறு வேறு விஷயங்கள். நான்கை நான்கோடு ஒப்பிட்டால் ‘இருவருக்கும் சமமான புரிதல் கிடைக்கிறதா’ என்று தெரியும். ஒரே விஷயத்தை இருவரும் ஒரே மாதிரி பார்க்கிறார்களா என்று தெரிய, அம்மாவின் நான்கை மகளின் ஐந்தோடு ஒப்பிடவேண்டும். இதைக் கேள்வித்தாள் ஓரத்தில் அம்புக்குறி போட்டே வைத்துக்கொள்ளுங்கள்; ஆறு மாதம் கழித்து எக்செல் முன்னால் உட்காரும்போது மறந்துபோகும்.

ஐந்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் இந்தச் சிக்கல் ஓரளவு மறைந்துவிடும். கேள்விவாரியாகப் பார்க்கும்போது மறையாது.

சண்டை, மனத்தாங்கல் பற்றித் தனியாகக் கேளுங்கள். நெருக்கம் குறைவு என்பதும் சண்டை அதிகம் என்பதும் ஒன்றல்ல. தினமும் சண்டை போடும் நெருக்கமான வீடுகள் எல்லோருக்கும் தெரியும். மதிப்பெண் கேட்பதோடு நிறுத்தாமல், ‘உங்கள் இருவருக்கும் இடையே எதில் உரசல் வருகிறது?’ என்று திறந்த கேள்வி ஒன்றும் வையுங்கள். பெங்ட்சன் குழுவினர் 1999-ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இப்படிக் கிடைத்த பதில்களை ஆறு வகையாகப் பிரித்தார்கள். பெற்றோர் அதிகம் குறிப்பிட்டது பிள்ளைகளின் பழக்கவழக்கம், வாழும் விதம். பிள்ளைகள் அதிகம் குறிப்பிட்டதோ பேசும் விதம், நடத்தும் விதம். உரசல் இருக்கிறது என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகிறார்கள், எதனால் என்பதில் இல்லை. மதிப்பெண் மட்டும் வாங்கியிருந்தால் இது தெரிந்திருக்காது.

இன்னொன்று: ‘போன வாரம் எத்தனை முறை போனில் பேசினீர்கள்?’, ‘கடந்த மூன்று மாதத்தில் பணம் கொடுத்தீர்களா?’ போன்ற நிகழ்வுக் கேள்விகள் ஒன்றிரண்டு வையுங்கள். இவற்றிலும் இரு தரப்பும் வேறுபடுவார்கள். ஆனால் பாசத்தில் வேறுபடுவது பார்வை. போன் எண்ணிக்கையில் வேறுபடுவதில் மறதியும் சேர்ந்திருக்கிறது. இரண்டையும் வைத்திருந்தால், மறதியால் மட்டுமே எவ்வளவு விலகல் வரும் என்று ஒரு குத்துமதிப்பு கிடைக்கும்.

பெரியவர்களிடம் ‘1 முதல் 6 வரை சொல்லுங்கள்’ என்றால் பலர் 6 என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்வி என்ன என்று பார்ப்பார்கள். இரண்டு கட்டமாகக் கேளுங்கள். முதலில் ‘நெருக்கம் உண்டா, குறைவா?’ பதில் வந்ததும், ‘கொஞ்சமா, நன்றாகவா, ரொம்பவா?’ இரண்டும் சேர்ந்து ஆறு படி. எல்லோரும் உச்சத்தில் போய் நின்றுவிட்டால் எல்லா ஜோடியும் ஒத்துப்போவதாகத் தோன்றும். அந்த ஒற்றுமையில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்குப் போகும்போது

தனித்தனியாகக் கேட்பது என்று எல்லாப் புத்தகத்திலும் ஒரு வரியில் இருக்கும். நடைமுறையில் இதுதான் மிகக் கடினம். கூடத்தில் உட்கார்ந்து அம்மாவிடம் கேட்க ஆரம்பித்தால், சமையலறையிலிருந்து மருமகள் காபி கொண்டுவருவார், அப்பா ‘அவளுக்கென்ன தெரியும், நான் சொல்றேன்’ என்று பக்கத்தில் உட்காருவார், மகன் போனைப் பார்ப்பதுபோல் காது கொடுத்துக்கொண்டிருப்பார். அந்த நிலையில் ‘உங்கள் மகன் உங்களை எவ்வளவு புரிந்துகொள்கிறார்?’ என்ற கேள்விக்கு 6-ஐத் தவிர வேறு எண் வராது. இருவர் போவது நல்லது. ஒருவர் அம்மாவிடம் திண்ணையிலோ மாடியிலோ கேட்க, மற்றவர் அதே நேரத்தில் மகனிடம் கேட்டால், பேட்டிக்குப் பின் இருவரும் பேசி ஒத்திகை பார்க்கவும் வழியில்லை.

பிள்ளை சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தால் போனில்தான் கேட்கவேண்டியிருக்கும். அம்மாவிடம் நேரில், பிள்ளையிடம் கூகுள் படிவத்தில் என்றால், வித்தியாசம் பார்வையால் வந்ததா கேட்ட விதத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. இருவரையும் போனிலேயே கேளுங்கள். இரண்டு பேட்டிக்கும் இடையே ஒரு வாரத்துக்கு மேல் விடாதீர்கள். நடுவில் ஒரு தீபாவளி வந்தால்கூட மதிப்பெண் மாறும்.

கிளம்பும்போது அம்மா கட்டாயம் கேட்பார்: ‘என் பையன் என்னப்பா சொன்னான்?’ சொல்லக்கூடாது. ‘நல்லாத்தான் சொன்னார்’ என்றுகூடச் சொல்லக்கூடாது. அடுத்த வீட்டில் அதைச் சொல்லாமல் விட்டால் அர்த்தம் வேறாகிவிடும். ஒருவர் பதிலை மற்றவருக்குக் காட்டமாட்டோம் என்பதை ஒப்புதல் படிவத்திலேயே எழுதி, பேட்டிக்கு முன் வாய்விட்டும் சொல்லிவிடுங்கள். பெயருக்குப் பதில் எண் போடுங்கள்: பெற்றோருக்கு 014-பெ, பிள்ளைக்கு 014-பி. எந்தக் குடும்பம் 014 என்ற பட்டியல் தனி நோட்டில், பூட்டி.

கணக்கு

எக்செல்லில் ஒரு வரிசை ஒரு ஜோடி. பெற்றோர் பதில்கள் ஒரு பக்கம், பிள்ளை பதில்கள் மறுபக்கம். ஆளுக்கொரு வரிசை போட்டால் பின்னால் அவதி.

கற்பனையாக எட்டு ஜோடியை எடுத்துக்கொள்வோம். ஐந்து கேள்வியின் சராசரி மதிப்பெண்:

பெற்றோர்: 5.4, 4.8, 5.6, 5.0, 4.4, 5.8, 3.8, 5.2
பிள்ளை: 4.6, 5.0, 4.2, 4.8, 3.4, 5.4, 4.4, 4.2

பெற்றோர் சராசரி 5.0, பிள்ளைகள் சராசரி 4.5. ஜோடி ஜோடியாகக் கழித்தால் வித்தியாசங்கள் 0.8, –0.2, 1.4, 0.2, 1.0, 0.4, –0.6, 1.0. இவற்றின் சராசரி 0.5, திட்டவிலக்கம் (சராசரியைச் சுற்றி எண்கள் சிதறும் அளவு) 0.68. ஜோடிகளின் சராசரி வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்கும் இணை டி-சோதனையில் மதிப்பு 2.09. தற்செயல் அல்ல என்று சொல்ல எட்டு ஜோடிக்கு 2.36-ஐத் தாண்டவேண்டும், தாண்டவில்லை. இந்த இடத்தில்தான் ‘வித்தியாசம் இல்லை’ என்ற வாக்கியம் ஆய்வேட்டில் ஏறுகிறது. ஆனால் எட்டில் மூன்று வீட்டில் 1 அல்லது அதற்கு மேல் இடைவெளி இருக்கிறது. வித்தியாசத்தை நிரூபிக்க முடியவில்லை என்பதும், வித்தியாசம் இல்லை என்பதும் ஒன்றல்ல.

சராசரி வித்தியாசத்தின் இருபுறமும் 1.96 மடங்கு திட்டவிலக்கத்தைப் போட்டுப் பாருங்கள்: –0.83 முதல் 1.83 வரை. இது புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் மருத்துவ அளவீடுகளுக்காகப் பரப்பிய முறை. 1986-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை. பெரும்பாலான ஜோடிகளின் இடைவெளி இந்த எல்லைக்குள் இருக்கும் என்று பொருள். ஆறு படி அளவுகோலில் இது அகலமான எல்லை. எனக்கு இந்த ஒரு வரி எந்தச் சோதனையின் முடிவையும்விடப் பயனுள்ளதாகப் படுகிறது, படிக்கும் யாருக்கும் புரியும்.

அடுத்து வரிசை ஒற்றுமை: ஒட்டுறவுக் கெழு 0.43. அளவு, வரிசை இரண்டையும் சேர்த்துப் பார்க்க லின் 1989-ல் தந்த ஒரு கெழு இருக்கிறது. இணைமாறுபாட்டின் (ஜோடி ஜோடியாக இரு தரப்பு விலக்கங்களையும் பெருக்கி எடுத்த சராசரி) இரு மடங்கை எடுத்து, இரு தரப்பு விலக்க வர்க்கச் சராசரிகளையும் சராசரி வித்தியாசத்தின் வர்க்கத்தையும் கூட்டி வருவதால் வகுக்கவேண்டும். நம் எட்டு ஜோடியில் 0.30-ஐ 0.95-ஆல் வகுத்தால் 0.32. பெற்றோர் சராசரியாக உயர்த்திச் சொல்லும் போக்கு, 0.43-ஐ 0.32-ஆக இறக்கிவிட்டது. இரண்டையும் அட்டவணையில் போடுங்கள். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் இதற்கெல்லாம் தயார் நிலையில் கட்டளைகள் உண்டு, காசும் இல்லை.

அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுங்கள்

புதியவர்கள் அதிகம் விட்டுவிடும் படி இது. என் கணிப்பில் மிக அவசியமானதும் இதுவே.

ஒரு அம்மாவும் அவர் மகனும் ஒத்துப்போகிறார்கள் என்றால், அது அவர்கள் உறவைப் பற்றிய செய்தியா, அல்லது நம் ஊரில் எல்லோருமே இப்படித்தான் பதில் சொல்வார்களா? கண்டுபிடிக்க எளிய வழி: ஜோடிகளைக் கலைத்துவிடுங்கள். முதல் வீட்டுப் பெற்றோருக்கு இரண்டாம் வீட்டுப் பிள்ளை, இரண்டாம் வீட்டுக்கு மூன்றாம் வீட்டுப் பிள்ளை, கடைசி வீட்டுக்கு முதல் வீட்டுப் பிள்ளை. நம் எட்டு ஜோடியில், குறியைப் பார்க்காமல் எடுத்த சராசரி இடைவெளி 0.70. கலைத்த ஜோடிகளில் அது 0.85. அதாவது, சம்பந்தமே இல்லாத ஒரு பிள்ளையோடு சேர்த்தாலும் இடைவெளி 0.15 மட்டுமே கூடுகிறது. ஒரு முறை கலைத்தது போதாது. கணினியில் ஆயிரம் முறை கலைத்து, உண்மையான ஜோடிகளின் எண் அந்தக் கூட்டத்தில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஆயிரத்தில் இருநூறு முறை கலைத்த ஜோடிகள் உண்மையான ஜோடிகளைவிட நன்றாக ஒத்துப்போனால், ‘உயர்ந்த ஒற்றுமை’ என்று எழுதும் கையை நிறுத்துங்கள்.

வடிவ ஒற்றுமை பார்க்கும்போது இது இன்னும் கறாராகத் தேவை. அம்மா 6, 3, 5, 4, 6. மகன் 5, 2, 4, 3, 5. ஒரு படி கீழே, ஆனால் அதே மேடு பள்ளம். ஆஹா என்று தோன்றும். ஆனால் எல்லா வீட்டிலும் நெருக்கத்துக்கு உயர்ந்த எண்ணும் மனம்விட்டுப் பேசுவதற்குத் தாழ்ந்த எண்ணும் வருவது வழக்கமாக இருந்தால், பக்கத்துத் தெரு மகனின் வடிவமும் இதேதான். எனவே ஒவ்வொரு கேள்விக்கும் எல்லாப் பெற்றோரின் சராசரியைப் பெற்றோர் பதிலிலிருந்தும், எல்லாப் பிள்ளைகளின் சராசரியைப் பிள்ளை பதிலிலிருந்தும் கழித்துவிட்டு, மிஞ்சியதைத்தான் ஒப்பிடவேண்டும். உளவியலாளர் குரோன்பாக் 1955-லேயே எச்சரித்த விஷயம் இது. அறுபது எழுபது வருடமாகியும் தொடர்ந்து மீறப்படுகிறது.

வித்தியாசத்தை வேறொன்றோடு இணைக்கும் ஆசை

‘இடைவெளி அதிகமுள்ள வீட்டில் பெற்றோருக்குத் தனிமை உணர்வு அதிகம்’ என்று காட்ட எல்லோருக்கும் ஆசை. கழித்து வந்த எண்ணை எடுத்துத் தனிமை மதிப்பெண்ணோடு ஒட்டுறவு பார்ப்பார்கள். கழித்த எண்ணுக்குள் பெற்றோரின் சொந்த மதிப்பெண் உட்கார்ந்திருக்கிறது. தனிமையோடு தொடர்புடையது இடைவெளியா, பெற்றோர் சொன்ன நெருக்கமா என்று பிரியாது. கழிக்காமல், இரண்டு மதிப்பெண்களையும் தனித்தனி மாறிகளாகத் தொடர்புப்போக்குச் சமன்பாட்டில் (regression) போடுங்கள். இரண்டின் பெருக்கலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கழித்த எண்ணுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. இரு தரப்பின் அளவுகோலுக்கும் நம்பகத்தன்மை (மதிப்பெண் சிதறலில் அளவீட்டுப் பிழை அல்லாத பங்கு) 0.8, இரண்டுக்கும் இடையே ஒட்டுறவு 0.43, சிதறலும் ஏறத்தாழ சமம் என்றால், வித்தியாசத்தின் நம்பகத்தன்மை 0.65-தான். இரு தரப்பும் அதிகம் ஒத்துப்போகப் போக இது இன்னும் இறங்கும்.

எழுதும்போது

யார் சொன்னது சரி என்று எழுதாதீர்கள். அம்மா 6, மகன் 4 என்றால் உண்மை 5 என்று நடுவில் பிடிப்பதும் வேண்டாம். நீங்கள் அளந்தது இரண்டு பார்வைகளுக்கு இடையே உள்ள தூரம். உறவு நல்லதா கெட்டதா என்பது அதில் இல்லை. இருவரும் 2 என்று சொன்ன வீடு முழுமையாக ஒத்துப்போகிற வீடு.

ஒரே தரப்பு மட்டும் பதில் தந்த வீடுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அம்மா பேசினார், மகன் நேரமில்லை என்றுவிட்டார். அல்லது மகன் சரி என்றார், அப்பா வேண்டாம் என்றுவிட்டார். ஜோடியாகக் கிடைத்த அம்மாக்களின் சராசரியையும், மகன் மறுத்துவிட்ட அம்மாக்களின் சராசரியையும் ஒப்பிட்டு ஒரு சிறு அட்டவணை போடுங்கள். இரண்டாவது கூட்டத்தின் நெருக்க மதிப்பெண் குறைவாக இருந்தால், உங்கள் ஜோடிகள் ஏற்கெனவே நெருக்கமானவர்களாக வடிகட்டப்பட்டவர்கள். வரம்புகள் என்ற தலைப்பில் பொத்தாம்பொதுவாக நாலு வரி எழுதுவதைவிட அந்த அட்டவணையை முடிவுகள் பகுதியின் முதல் பக்கத்திலேயே வைப்பது நல்லது. வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும்.